சின்ன ஷெட்டில் சொந்தமாக ஒரு கார்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஞாயிறு மெக்கானிக் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நடக்கும் பேச்சையெல்லாம் ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இப்போதுதான்.

வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருக்கிறது. உள்ளளவு ஐந்தரை மீட்டர் நீளம், 3.4 மீட்டர் அகலம், உயரம் 2.6 மீட்டர். முன்னால் ஷட்டர். பின் மூலையில் வீட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு. தரை சிமென்ட், வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். இதில்தான் ஒரு கார் செய்ய ஆசை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பாணியில், இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், சதுரக் குழாயில் நானே செய்வது. இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து எடுப்பது. அந்தப் பழைய கார் வாங்கியாயிற்று, ஷெட்டில் நிற்கிறது.

கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் வாங்க வேண்டிய கருவிகளையெல்லாம் எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். பட்டியல் மூன்று பக்கம் தாண்டிவிட்டது. எதை முதலில் வாங்குவது என்று அதைப் பார்த்து எனக்கே புரியவில்லை. கார் லிஃப்ட் வைக்கலாமா, தரையில் குழி வெட்டலாமா? தரைக்கு எபாக்ஸி பிசின் பூச்சு அவசியமா? கம்ப்ரசர் எவ்வளவு பெரிசு? வெல்டிங் எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டு நானே செய்யலாமா? பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டினால் தொடும் தூரம், அதனால் சத்தத்தைப் பற்றியும் கவலை.

இன்னொன்று. வாஷிங் மெஷினும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறது. அதை நகர்த்தக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு.

பேஸ்_நியூட்ரல் எழுதியது:

கரண்ட் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கருவி வாங்கும் முன் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டு போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன் இழுத்து, அங்கே ஒரு சின்ன போர்டு வையுங்கள். அதில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று உலோகத்தில் வேலை செய்யப் போகிறீர்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் மெஷினுக்கு ஒரு தனி 16 ஆம்பியர் சர்க்யூட், கம்ப்ரசருக்கு இன்னொன்று. கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். வாஷிங் மெஷினோடு ஒரே லைனில் போட்டால் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும்.

லைட்டைக் கருவிகளோடு ஒரே சர்க்யூட்டில் போடாதீர்கள். இரும்பு வெட்டித் தேய்க்கும் கை கிரைண்டர் பிரேக்கரைத் தட்டிவிட்டால், கையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கோடு இருட்டில் நிற்பீர்கள்.

பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து நிற்கும். சுவிட்சில் வரும் சின்னப் பொறி அதற்குப் போதும். வாஷிங் மெஷின் பிளக்கையும் அப்படியே மேலே ஏற்றுங்கள். மெஷினுக்குள்ளேயும் மோட்டாரும் சுவிட்சும் தாழ்வாகத்தான் இருக்கும், அதனால் பெட்ரோல் டேங்க், பைப் கழற்றும் வேலை ஷெட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நடக்கட்டும்.

வெளிச்சத்துக்கு நடுவில் ஒரே லைட் போட்டால் எங்கே குனிந்தாலும் உங்கள் நிழல்தான் வேலை மேல் விழும். இரண்டு நீளச் சுவர் ஓரமும் கூரையை ஒட்டி எல்இடி பட்டிகள், 4000 முதல் 5000 கெல்வின், அதாவது மஞ்சள் இல்லாத வெள்ளை வெளிச்சம். சில மட்டமான லைட்டுகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் சில வேகங்களில் சுற்றும் ட்ரில் பிட் நின்றுவிட்டது போலத் தோன்றும். கை வைத்த பிறகுதான் தெரியும்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளை முழுசாகப் பிரித்துப் போட்டுத்தான் வெல்டிங் மெஷினை மாட்ட வேண்டும். சுருட்டியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகிவிடும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் கேட்டதில் ஒரு முக்கியமான கேள்வி விட்டுப்போய்விட்டது. கழற்றின காரை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

முழுக் கார் நான்கு மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் என்று ஓர் இடத்தில் அடங்கி நிற்கும். கழற்ற ஆரம்பித்தால் கதவுகள், பானட், டிக்கி மூடி, சீட், டேஷ்போர்டு, ரேடியேட்டர், ஐந்து சக்கரம், ஒயரிங் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இடம் கேட்கும். வீட்டில் கார் செய்யக் கிளம்பிப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கருவி போதாமல் விட்டவர்கள் ரொம்பக் கம்மி. ஷெட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல், ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஒரு மணி நேரம் சாமானை நகர்த்துவதிலேயே போய், அலுத்துப்போய் விட்டவர்கள்தான் அதிகம். கடைசியில் அந்தச் சேஸிஸ் மேல் அட்டைப் பெட்டியும் உடைந்த சைக்கிளும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அதனால் ஷெட்டில் முதல் வேலை தட்டு அடிப்பது. பக்கச் சுவரில் ஒன்றில், தலைக்கு மேல் முழு நீளத்துக்கும் அரை மீட்டர் அகலத் தட்டு. எடை குறைந்தது மேலே, கனமானது கீழே. கதவு, பானட் மாதிரி தகடுகளைச் சுவரில் துணி சுற்றிய கொக்கியில் நிறுத்தி மாட்டினால் இடமே பிடிக்காது. உங்களுக்கு வேண்டாத தகடுகளை வைத்திருக்கவே வேண்டாம்.

பழைய காரும் புதுச் சேஸிஸும் உங்கள் ஷெட்டில் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. ஐந்தரை மீட்டரில் அதற்கு வழியே இல்லை. முதலில் பழைய காரை முழுக்கக் கழற்றி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சின வெறும் கூட்டை வெளியே அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு காரியம்: சொந்தமாகச் செய்த காரை ரோட்டில் ஓட்ட உங்கள் இடத்தில் என்ன விதி, எந்தப் பதிவு அலுவலகம், என்ன சோதனை என்று நேரில் போய்க் கேளுங்கள். பழைய காரின் பதிவுக் காகிதம், இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் தகடு இதெல்லாம் பின்னால் தேவைப்படலாம். கூடு போன பிறகு நம்பர் தகடு வேண்டும் என்று நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. சில இடங்களில் இப்படிச் செய்த காரை ரோட்டில் ஓட்ட அனுமதியே கிடைக்காது. அது முதலிலேயே தெரிந்தால், பந்தயப் பாதையில் ஓட்ட மட்டும் என்று முடிவு செய்து செய்யலாம்.

கழற்றும்போது ஒரு பழக்கம். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதன் போல்ட்டை உடனே அதே ஓட்டையில் இரண்டு மரை திருகி விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் அதன் போல்ட் இஞ்சினில் அதே இடத்தில் போய்விடும். அப்படி முடியாததற்கு மட்டும் ஜிப் பையும் சீட்டும். கழற்றும் முன் போட்டோ எடுப்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் போட்டோவில் போல்ட்டின் நீளம் தெரியாது. நீளமான போல்ட்டைக் குட்டை போல்ட் இடத்தில் போட்டு இறுக்கி, அலுமினியக் கேஸிங்கை விரிசல் விட்டவர்கள் உண்டு. ஒயரிங்கில் எதையும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

லிஃப்டை மறந்துவிடுங்கள். இரண்டு தூண் லிஃப்ட் வைத்துக் காரின் கீழ் நிமிர்ந்து நிற்கச் சுமார் மூன்றரை மீட்டர் உயரம் வேண்டும், உங்களிடம் 2.6தான். அதன் தூண் போல்ட்டைத் தாங்கும் கனத்துக்குத் தரையும் இருக்க வேண்டும். குழி வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன பெட்ரோல் ஆவி வந்து தங்குகிற முதல் இடம் அதுதான், நீங்கள் நிற்பதும் அதற்குள்ளேதான். போதாக்குறைக்கு 3.4 மீட்டர் அகல ஷெட்டில் குழியைச் சுற்றி நடப்பதே ஒரு வித்தை. உங்கள் கார் ஆள் இடுப்பு உயரம் வராத கார். நல்ல டிராலி ஜாக் ஒன்று, ஸ்டாண்ட் நான்கு, அது போதும்.

ஸ்டாண்ட் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஜாக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஹைட்ராலிக் ஜாக்கின் உள்ளே இருப்பது ஒரு ரப்பர் சீல்; அது சொல்லிவிட்டுக் கிழியாது. செங்கல், சிமென்ட் பிளாக் எதையும் வைக்கக் கூடாது, அது அழுத்தத்தில் நொடியில் பொடியாகும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஸ்டாண்ட் மேல் இறக்கின பிறகு உள்ளே போகும் முன் காரைப் பலமாக ஆட்டிப் பார்ப்பது, கழற்றின சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது. இத்தனையும் செய்த பிறகு உள்ளே போங்கள்.

தரைச் சரிவைப் பற்றி நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால்கூட ஐந்தரை மீட்டரில் ஐந்தரை சென்டிமீட்டர் இறக்கம். தண்ணீர் ஓடுவதற்கு நல்லது, சேஸிஸ் செய்வதற்கு ஆகாது. அதனால் பட்டியலில் முதல் பெரிய செலவு எதுவென்று என்னைக் கேட்டால் மேசை என்பேன். வெல்டிங் மெஷினுக்கும் முன்னால்.

சேஸிஸ் கட்டும் மேசை 3 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். கீழே கனமான இரும்புக் குழாயில் சட்டம், மேலே 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். உயரம் 65 சென்டிமீட்டர் போல இருந்தால் குழாய்களை அடுக்கின பிறகும் மேல் மூலை கைக்கு எட்டும். கால் ஒவ்வொன்றின் அடியிலும் பெரிய போல்ட்டும் நட்டும் வைத்து உயரத்தை மாற்றும்படி செய்யுங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப் போதும், மூன்று மீட்டர் தூரத்துக்கு ரசமட்டத்தைவிட அது நம்பகமானது. ட்யூபில் காற்றுக் குமிழ் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசை அளவை 3, 1.25 என்று சும்மா சொல்லவில்லை. அந்த அளவில் மூலைவிட்டம் துல்லியமாக 3.25 மீட்டர். இரண்டு மூலைவிட்டமும் 3.25 வந்தால் மேசை மூலைகள் செங்கோணமாக, கோணல் இல்லாமல் நிற்கிறது. அப்புறம் சேஸிஸ் படத்தை ப்ளைவுட் மேலேயே முழு அளவில் பென்சிலால் வரையுங்கள். நடுக்கோடு ஒன்றை முதலில் இழுத்து எல்லா அளவையும் அதிலிருந்து இரண்டு பக்கமும் எடுங்கள், ஒரு ஓரத்திலிருந்து எடுத்தால் சின்னப் பிசகு கூடிக்கொண்டே போகும். வரைந்த கோட்டை ஒட்டிச் சின்னக் கட்டைகளைத் திருகி வைத்தால் குழாய் அதற்குள் அசையாமல் உட்காரும். பொறி விழும் இடங்களில் தகட்டுத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், ப்ளைவுட் பற்றிக்கொள்ளும்.

சேஸிஸ் முடிந்து இறங்கின பிறகு அந்த மேசையைப் பிரித்தால் சட்டமும் பலகையும் தட்டுக்கு ஆகும். நிரந்தரமாக வைக்க இடமில்லை.

எபாக்ஸி பார்ப்பதற்கு அழகு. வெல்டிங் பொறி அதைச் சுட்டுப் பொத்தல் போடும், கீழே ஈரம் ஏறும் தரையானால் தோல் உரிகிற மாதிரி உரியும். இப்போதைக்கு வேண்டாம்.

வாஷிங் மெஷினை நகர்த்தச் சொல்லவில்லை, மூடச் சொல்கிறேன். கிரைண்டிங் தூள் நுண்ணிய இரும்பு. ஈரத் துணியில் பட்டால் மறுநாள் வெள்ளைச் சட்டையில் துருப் புள்ளியாகப் பூக்கும். வீட்டு உத்தரவு அப்புறம் ஷெட் முழுக்கவே வந்துவிடும். கிரைண்டர் பொறி கார்க் கண்ணாடியில் பட்டாலும் உருகி ஒட்டிக்கொள்ளும், கழுவினால் போகாது. நல்ல காரை அதே ஷெட்டில் நிறுத்தி வைத்துக் கிரைண்டர் போடாதீர்கள்.

ஞாயிறு மெக்கானிக் எழுதியது:

ஐயா, பட்டியலில் மேசையே இல்லை. லிஃப்ட், எபாக்ஸி இரண்டையும் அடித்துவிட்டேன். வாஷிங் மெஷினுக்குத் தார்ப்பாய் என்று ஒரு வரி சேர்த்தாயிற்று, வீட்டில் காட்டினேன், சிரிப்பு வந்தது.

வெல்டிங் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. நானே செய்யலாமா? சத்தம்?

தேன்மொழி எழுதியது:

வெல்டிங்கைப் பற்றி ஃபிட்டர் ஐயா வருவதற்குள் நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்கு மேல். மிக் வெல்டிங், அதாவது கம்பி தானாக வர, காற்றுப் படாமல் கேஸ் மூடிக் காக்கும் வெல்டிங், கையில் வருவதற்கு ரொம்பக் காலம் ஆகாது. ஆனால் கற்றுக்கொள்ளும் இடம் உங்கள் சேஸிஸாக இருக்கக் கூடாது. இந்த மாதிரி சேஸிஸுக்குப் பெரும்பாலும் போடுவது 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர். அதே குழாயில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பழகுங்கள். ஒட்டினதை வைஸில் (பெஞ்சில் மாட்டும் இறுக்குப் பிடி) பிடித்துச் சுத்தியால் அடித்து மடக்குங்கள். குழாய் நசுங்கியும் ஒட்டு பிரியாமல் நின்றால் சரி. ஒட்டு அப்படியே உரிந்து வந்தால், மேலே அழகாக இருந்தும் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். பிறகு ரம்பத்தால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மேலே புழு மாதிரி உப்பின ஒட்டுதான் பெரும்பாலும் உள்ளே இறங்காத ஒட்டு.

சஸ்பென்ஷன் பிராக்கெட், ஸ்டியரிங் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் இதையெல்லாம் நான் புள்ளி (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்ன ஒட்டு) மட்டும் வைத்துவிட்டு, சான்று பெற்ற ஒரு வெல்டரிடம் கொண்டுபோய் முடிப்பேன். இத்தனை வருடம் ஆன பிறகும் அப்படித்தான். ஸ்டியரிங் ஷாஃப்டை வெட்டி ஒட்டும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

மிக்கில் கேஸ் கவசம்தான் உயிர். ஃபேன் காற்று நேராகப் பட்டால் ஒட்டு முழுக்கத் துளைத் துளையாக வரும். அதற்காக ஷட்டரை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. புகை போக வேண்டும். ஷட்டர் திறந்திருக்கட்டும், ஃபேன் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம், புகையை வெளியே இழுக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் இதைக் கட்டம் கட்டிப் படியுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யக் கூடாது. சூட்டிலும் ஆர்க் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆள்களைக் கொல்லப் பயன்படுத்தியது அதைத்தான். டப்பாவில் குளோரின் இல்லாதது என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு. ஜிங்க் பூசின குழாயும் வேண்டாம், அந்த வெள்ளைப் புகையில் அன்று ராத்திரியே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

வெல்டிங் வெளிச்சம் பக்கத்து வீட்டுக் குழந்தை கண்ணில் படாதபடி வாசலில் ஒரு வெல்டிங் திரை. உங்களுக்கு முகக் கவசம், கழுத்து வரை மூடின பருத்திச் சட்டை. பாலியெஸ்டர் போட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

பெயிண்ட் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹார்டனர் (பெயிண்டைக் கெட்டியாக்கும் திரவம்) கலந்து அடிக்கிற பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு நிரந்தரமாக ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். உங்கள் ஷெட்டில் அடித்தால் வீட்டுக்குள் கதவு வழியாகப் போகும். நல்ல வேளையாக நீங்கள் செய்வது செவன் பாணி, பக்கவாட்டு அலுமினியத் தகட்டைப் பளபளவென்று அப்படியே விடலாம். மூக்கும் மட்கார்டும் மட்டும் பெயிண்ட் கடைக்கு.

பெயிண்ட் வேலை போனதும் கம்ப்ரசர் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். ஸ்ப்ரே கன்னுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கன அடி காற்று வேண்டும், அதற்குத்தான் பெரிய கம்ப்ரசர். போல்ட் கழற்ற இப்போது பேட்டரி இம்பேக்ட் ரென்ச்சே போதும், காற்றுக் குழாய் காலில் சிக்காது. டயருக்குக் காற்று, தூசி ஊத என்றால் ஒரு சின்ன கம்ப்ரசர். வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், உண்மையில் வெளியே வரும் காற்றின் அளவு அதைவிடக் குறைவாக இருக்கும். சுவரில் காற்று லைன் இழுப்பதானால் தண்ணீருக்குப் போடும் பிவிசி பைப் கூடாது. அது வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தேன்மொழி அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. நான் சேர்ப்பது ஒட்டும் வரிசையைப் பற்றி மட்டும்.

ஒட்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுசாக ஒட்டி முடித்து அடுத்ததற்குப் போனால், கடைசி மூலைக்கு வரும்போது சேஸிஸ் முறுக்கின துணி போல் நிற்கும், அப்புறம் எந்தக் கடவுளாலும் நிமிர்த்த முடியாது. எல்லா இடத்திலும் முதலில் புள்ளி மட்டும். முழுச் சட்டமும் நிமிர்ந்து நின்ற பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூலைவிட்டமும் அளந்து, ஒன்றா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் புள்ளியைக் கிரைண்டரால் வெட்டிச் சரி செய்வது இரண்டு நிமிட வேலை. அப்புறம்தான் முழு ஒட்டு, அதுவும் முன்பக்கம் இடது ஒரு சின்ன ஒட்டு, பின்பக்கம் வலது ஒரு சின்ன ஒட்டு என்று தாவித் தாவி. இடையில் ஆற விடுங்கள். மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கியபடியே செய்ய வேண்டும்.

ஒட்டு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். ஒரு பொறி மரத்தூளிலோ துணியிலோ புகைந்துகொண்டிருந்து பிறகுதான் எரியும். அரை மணிக்குக் குறையாமல் அங்கேயே இருந்து பெருக்குங்கள், கருவி துடையுங்கள். வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் விட்டு வையுங்கள். தீயணைப்பு உருளை பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் ஆகிற பவுடர் வகை. வெல்டிங் மெஷின் பக்கத்தில் மாட்டினால் தீ அங்கேதான் இருக்கும், எடுக்க முடியாது. வீட்டுக் கதவு பக்கத்தில் மாட்டுங்கள்.

சத்தத்துக்கு: பக்கத்து வீட்டுக்காரரைக் கோபப்படுத்துவது கம்ப்ரசரும் கிரைண்டரும்தான். கம்ப்ரசர் அடியில் ரப்பர் பட்டை போட்டு, அவர்கள் சுவரைத் தொடாமல் வையுங்கள். கிரைண்டரை மட்டும் பகலில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குழாய் வெட்டுவதற்குக் கிரைண்டரே வேண்டாம். 1.6 மில்லிமீட்டர் சுவர்க் குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போட்ட கை ரம்பம் போதும். பல் பெரிசாக இருந்தால் மெல்லிய சுவரில் மாட்டி உடையும். கையால் வெட்டி அரத்தால் முனையைப் பொருத்தினால் இடைவெளி இல்லாமல் உட்காரும், இடைவெளி இல்லாத இடத்தில் ஒட்டு தானாக நன்றாக வரும். ராத்திரி பத்து மணிக்கும் இந்த வேலையைச் செய்யலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நாள் வரும்போது ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காரை வெளியே தள்ளிவிட்டு ஓட்டுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் ஒரு கதவு வேறு இருக்கிறது. அந்தக் கதவின் உள்பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிவிடுங்கள்.

தள்ளுவது என்றதும் நினைவு வந்தது. ஷட்டர் திறப்பின் அகலத்தை அளந்தீர்களா? 1896-இல் ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியை டெட்ராய்ட்டில் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் செய்து முடித்தார். வெளியே எடுக்கும்போதுதான் வண்டி கதவைவிட அகலம் என்று தெரிந்தது. கோடாலியால் செங்கல் சுவரை உடைத்து எடுத்தார். அந்த ஷெட் வாடகை வீட்டுடையது.

ஞாயிறு மெக்கானிக் எழுதியது:

அளந்துவிட்டேன் ஐயா, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது. பதிவு அலுவலகத்துக்கு அடுத்த வாரம் போகிறேன்.

கடைசியாக ஒன்று. கைக் கருவியில் எதைத் தரமாக வாங்குவது, எதில் சிக்கனம் பார்க்கலாம்? வைஸை எங்கே மாட்டுவது?

பழைய ஃபிட்டர் எழுதியது:

போல்ட்டைத் தொடும் கருவியில் சிக்கனம் வேண்டாம். 8, 10, 12, 13, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளில் ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும், சாக்கெட்டில் ஆறு முனை உள்ளது. துருப்பிடித்த போல்ட்டின் தலையைப் பன்னிரண்டு முனை சாக்கெட் வழித்துவிடும். பழைய காரைக் கழற்றும்போதே இது தெரியும். போல்ட்டை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் ஒன்று நல்லதாக. அதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள், வேலை முடிந்ததும் கீழ் அளவுக்குத் திருப்பி வையுங்கள். சுத்தி, உளி, கிளாம்ப் இதெல்லாம் எந்தக் கடையில் வாங்கினாலும் சரி. கிளாம்ப் மட்டும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள். இஞ்சின் தூக்கும் கிரேனை வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். தூக்கும்போது அதன் கையை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவுக்குத் தாங்கும் எடை குறையும், கையிலேயே எழுதியிருக்கும். கூரை விட்டத்தில் சங்கிலி கட்டித் தூக்கும் யோசனை வேண்டாம்.

வைஸ் பின் சுவர் பெஞ்சில், பெஞ்சின் கால் நேர் மேலே. கால் இல்லாத நடுப்பகுதியில் மாட்டினால் அடிக்க அடிக்கப் பலகை துள்ளும். நீங்கள் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் வைஸின் வாய் அந்த உயரத்துக்கு வரட்டும். அசையாத தாடை பெஞ்ச் விளிம்பைவிட ஒரு விரல் வெளியே நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் நீளக் குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். வீட்டுக் கதவிலிருந்து தள்ளி, இடது மூலையில் வையுங்கள், நீங்கள் வலது கைக்காரராக இருந்தால்.